நெர்மினின் சமையலறைச் சுவர்

14 ஜனவரி 2025

ஐந்தாம் கட்டடத்தை இடிக்கப் போவது அது பழுதாகிவிட்டதால் இல்லை. அதில் குடியிருப்பவர்களின் பெயர்கள் டென்மார்க்குக்குப் பிடிக்கவில்லை, அதனால்.

நான் மேசன். கட்டடம் பழுதா இல்லையா என்று எனக்குத் தெரியும். எழுபத்து நான்காம் ஆண்டு கட்டியது. நல்ல கொங்கிறீற். ஒரு வெடிப்பு இல்லை, நிலக்கீழ் அறையில்கூட ஈரம் இல்லை. இன்று காலை, வீடுகளை வாடகைக்கு விடுகிற வீட்டுச் சங்கத்தின் கடிதம் எல்லாருடைய கைபேசிக்கும் வந்திருக்கிறது. "குடியிருப்பாளர் விகிதத்தைச் சீர்செய்தல்." மே மாத முடிவுக்குள் வெளிக்கிட வேண்டும்.

அம்மா பொங்கலைப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குச் சொன்னேன்.

"அது துருக்கியரும் சோமாலியரும் இருக்கிற இடம், பிள்ளை. எங்கட ஆக்கள் வேளைக்கே வீடு வாங்கி வெளிக்கிட்டிட்டினம்."

"நாங்களும் மூண்டாம் கட்டடத்தில பத்து வருசம் இருந்தனாங்கள், அப்பா."

"இருந்தனாங்கள். இப்ப இல்லைத்தானே."

சொல்லிவிட்டுப் பொங்கலுக்குள் முந்திரிப்பருப்புத் தேடினார். தமிழர் நல்ல அகதிகளாம். நல்ல அகதி என்றால், மற்ற அகதியை வெளியேற்றும்போது முந்திரிப்பருப்புத் தேடுகிறவன்.

பத்து மணிக்கு ஓனூர் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி அழைத்தான். அவனும் அவன் தாய் நெர்மினும் ஐந்தாம் கட்டடத்தில் மூன்றாம் மாடி. அவனும் நானும் ஒன்றாகி மூன்று வருடம். அந்த வீட்டில் நான் பாதிக் குடித்தனம். அவன் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. சமையலறைச் சுவரில் நான் ஒட்டிக் கொடுத்த பீங்கான் ரைல்களைப் பற்றித்தான் கேட்டான்.

"கழட்டிக்கொண்டு போகலாம்தானே, சாரங்கி?"

"ஓம்."

(டெனிஷில்தான் கதைத்தோம். இங்கே எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். இந்தக் கொப்பி வேலையிடத்தில் எந்த டெனிஷ்காரன் கையில் அகப்பட்டாலும் வாசிக்க ஏலாது. தமிழில் எழுதுவதன் காரணம் அவ்வளவுதான்.)

ஏன் ஓம் என்றேன்?


15 ஜனவரி

கழற்ற ஏலாது. நேற்று ஓம் சொல்லும்போதே தெரியும்.


19 ஜனவரி

எங்கே பிழை வந்தது என்று எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூற்றாறு ரைல்கள். குறுக்கே பன்னிரண்டு, மேலே எட்டு. அடுப்புக்குப் பின்னால் தொடங்கி யன்னல் வரை ஒரே படம். எல்லாம் ஓனூர் கீறியது. ஒருவரும் அவனைப் பிடித்து வைத்துப் படிப்பிக்கவில்லை. ஒரு கோடையில் துருக்கியில் கியூத்தாஹ்யாவுக்குப் போய் மூன்று கிழமை வகுப்பு. மிச்சம் எல்லாம் யூடியூப். வாரம் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறவன், மற்ற இரண்டு நாளும் குடியிருப்பாளர் மண்டபத்தின் பின்னறையில் மூன்று மயிர்த் தூரிகையோடு குனிந்திருப்பான். அங்கே ஒரு சின்ன மின்சூளை. ஒரு தடவைக்கு ஆறு ரைல். பதினான்கு மாதம்.

முதலில் படத்தை மெல்லிய தாளில் கீறி, கோடு நெடுக ஊசியால் குத்துவான். தாளை ரைலில் வைத்துக் கரித்தூள் பொட்டணத்தால் ஒற்றினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். பிறகு கறுப்புக் கோடு. பிறகு நிறம். சுடுவதற்கு முன் அந்த நிறங்களைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நீலம் சாம்பலாய் இருக்கும். சிவப்பு, மழைக்குப் பிறகு வேலையிடத்துச் சேறு மாதிரி. எல்லாம் முடிந்ததும் அதன் மேலே கண்ணாடிப் பூச்சை ஊற்றுவான். பால் மாதிரி வெள்ளை. கீறினது எல்லாம் மறைந்துவிடும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்ததை வெள்ளையால் மூடிச் சூளைக்குள் தள்ளிவிட்டுப் போய் பஸ் ஓட்ட ஒரு நெஞ்சு வேணும்.

அடுத்த நாள் திறந்தால் கார்னேஷன், துலிப், செதிற்செதிலான நீல இலை. அந்தச் சிவப்பு மட்டும் மேற்பரப்பில் கொஞ்சம் மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் எங்கே சிவப்பு என்று சொல்லலாம். சூடு கொஞ்சம் கூடினால் அது மண்ணிறமாகிப் போகும். இருபதுக்கு மேல் அப்படிப் போயிற்று. கழித்துவிட்டுத் திரும்பக் கீறினான். கீழ் வரிசையில், சுல்தான்களின் பூக்களுக்கு நடுவில், இங்கே புல்தரையில் தானாக முளைத்துக் கிடக்கும் மஞ்சள் களைப்பூவும் ஒன்று. "இது என்னடா?" என்றேன். "இது நான்," என்றான். "பிடுங்கப் பிடுங்க வரும்."

எனக்குப் பூவிலே பைத்தியம் இல்லை. நான் ஆசுபத்திரிக் கழிவறைகளுக்கு வெள்ளை ரைல் ஒட்டுகிறவள். அழகு என்றால் நேர்கோடு என்று நினைத்திருந்தேன். அவனுடைய ரைல்களில் ஒன்றும் சரியான நேர் இல்லை, கனமும் ஒன்றுக்கொன்று வித்தியாசம். என் வாழ்க்கையில் ஒட்டினதிலே கடினமானதும் அதுதான், நல்லதும் அதுதான்.

2022 நவம்பர். நான் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நெர்மின் வந்து நின்றாள்.

"பலகையில ஒட்டு. பலகையைத் திருகாணியால சுவரில பூட்டு."

"ஏன்?"

"நான் நாலு வீடு மாறினனான்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பலகையில் ஒட்டுகிறது விளையாட்டு வேலை. சூடும் ஈரமும் பட்டால் பலகை நெளியும், ரைல் வெடிக்கும் என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் கழற்றக்கூடியதாகவே இருந்தது. அலுமாரிக்கு மேலே மூன்று சூட்கேஸ். அப்பா ஸ்கீவ அகதி முகாமுக்கு வந்த காலத்தில் வாங்கியது, இன்னும் பூட்டுத் திறப்போடு இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஒன்றையாவது ஒருவரும் பெயர்க்க ஏலாதபடி ஒட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

ஒட்டினேன். கொங்கிறீற் தெரியும்வரை சுரண்டி, அடிப்பூச்சு அடித்து, கடையில் இருந்ததிலே வலிமையான இரட்டைக் கலவைப் பசை வாங்கி, சுவரிலும் பூசி ஒவ்வொரு ரைலின் முதுகிலும் பூசி. அப்பா வந்து பார்த்தார். இரண்டு குரோணர் நாணயத்தை எடுத்துத் தொண்ணூற்றாறையும் தட்டினார். பிறகு நெர்மினிடம் தன்னுடைய டெனிஷில் சொன்னார்: "ஓரிடத்திலையும் வெறுஞ்சத்தம் இல்லை. என்ர பெட்டை வேலை தெரிஞ்சவள்."

என் இருபத்தாறு வருடத்தில் அப்பா அப்படிச் சொன்ன ஒரே நாள்.


4 பெப்ரவரி

வீட்டுச் சங்கத்தின் கூட்டம். நூற்றுக்கு மேல் சனம். சங்கத்தார் நாலு பேர், மேசையில் கோப்பியும் இனிப்புப் பாணும். கோப்பி ஊற்றினது நீலப்பூ போட்ட வெள்ளைப் பீங்கானில். இந்த நாட்டின் பாரம்பரியம் என்று கலியாணத்துக்குக் கொடுப்பார்கள், சுவரில் மாட்டுவார்கள். ஓனூர் கோப்பையைத் திருப்பிப் பார்த்து என் காதுக்குள் சொன்னான்:

"இந்தப் பூ சீனாவில இருந்து வந்தது. இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி."

"குடியுரிமைப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கும்," என்றேன்.

சிரித்துவிட்டான். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆலோசகர் ஒருத்தி திரையில் படம் காட்டினாள். இடித்த இடத்தில் வரப்போகும் வீடுகள், சைக்கிளோடு தங்கநிறத் தலைமயிர்ப் பிள்ளைகள், நுழைவாயிலில் பல பண்பாடுகளைப் போற்றும் ஒரு மொசைக் சுவர். அதற்கு ஒரு கலைஞரைத் தேடுகிறார்களாம். மொசைக்கில் துலிப் பூ.

நான் எழும்பினேன். "துலிப்பை வைச்சுக்கொண்டு ஆக்களைக் கலைக்கிறீங்களோ?"

அவள் தலையை ஆட்டி, "உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது," என்றாள். அடுத்த கேள்வி.

உணர்வு இல்லை, மடைச்சி. கேள்வி.


5 பெப்ரவரி

நேற்றுக் கூட்டம் முடிந்து திரும்பி நடந்து வரும்போது, கழற்ற ஏலாது என்று ஓனூரிடம் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு வந்தான். சொல்லவில்லை.


1 மார்ச்

கோப்பன்ஹேகன். ஹ்விடோவ்ரேயில் ஓனூரின் மாமி இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் நெர்மினுக்கும் அவனுக்கும் ஒரு வீடு கிடைத்துவிட்டது. பார்த்துவிட்டு மியூசியத்துக்குப் போனோம். ஒரு முழு அறை துருக்கிப் பீங்கான். மசூதி விளக்கு, கூசா, தட்டுகள், இடிந்த ஒரு குளிப்பு மண்டபத்தில் இருந்து வந்த ரைல்கள் பன்னிரண்டு. நானூற்றைம்பது வயது.

ஓனூர் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றான். "சிவப்பைப் பார். சிவப்பைப் பார்," என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னான். காவலாளி வந்து கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இவன் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான்: இந்தச் சிவப்புக்கு என்ன மண், ஏன் மேடாக நிற்கிறது, எந்தச் சூட்டில் சாகும் என்று. அந்த மனிதர் நாலு வருடமாக இந்த அறையில் நிற்கிறாராம், இன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன் என்றார். ஓனூருக்கு முகம் எல்லாம் வெளிச்சம். ஒரு ரைலின் முன்னால் இவ்வளவு சந்தோசப்பட ஒரு ஆளால் முடியும் என்பதற்காகவே நான் அவனை விரும்பினேன்.

நான் பூவைப் பார்க்கவில்லை. விளிம்பைப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டிலும் விளிம்பு உடையவில்லை. ஒன்றின் பக்கவாட்டில் மெல்லிய வெள்ளைப் பொருக்கு. சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், ஆனால் நேரம் வந்தால் விட்டுவிடும். மெல்லிய தகடு ஒன்றை விட்டு நெம்பினால் ரைல் முழுசாகக் கைக்கு வரும். அந்த மேசன்மார் பேரரசில் இருந்தவர்கள். அவர்களே விட்டுக்கொடுக்கிற சாந்தில் ஒட்டினார்கள். நான் ஒரு வாடகை வீட்டில் ஒட்டினேன், உலகம் அழிந்தாலும் விடாத பசையால்.

ரயிலில் அவன் என் தோளில் நித்திரை. இன்றும் சொல்லவில்லை.


3 மார்ச்

பேனாட் அண்ணையிடம் கேட்டேன். மட்டக்களப்பு ஆள், என்னோடு ஓல்போர்க் ஆசுபத்திரி வேலையில் இருக்கிறார். முப்பது வருடமாக ரைல்தான்.

"என்ன பசை மகள்?"

பேரைச் சொன்னேன். கையில் இருந்த பாணை மடியில் வைத்துவிட்டார்.

"அத என்னத்துக்கு குசினிக்குப் போட்டீங்க? நீச்சல் தடாகத்துக்கெல்லா போடுற."

"நல்லா நிக்கட்டும் எண்டு."

"நிக்கும் மகள். இயேசு திரும்பி வந்தாலும் நிக்கும்." சிரிக்கவில்லை. "ரைல எடுக்க வராது. சுவரோட வெட்டி எடுங்க. வட்ட வாள் நான் தாறன். ஆனாச் சுவர் ஆருட?"

சுவர் சங்கத்தினுடையது. ரைல் ஓனூருடையது. நடுவில் இருக்கிற பசை என்னுடையது.


20 மார்ச்

சங்கத்திடம் இருந்து பதில். சுவரை வெட்ட அனுமதி இல்லை. அது பாரம் தாங்கும் சுவர், மேல் மாடியில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆட்கள் போன பிறகு வெட்டவா என்று கேட்டிருந்தேன். சாவி ஒப்படைத்த பிறகு உள்ளே இருப்பது எல்லாம் இடிக்கிற கொம்பனிக்குச் சொந்தம். பாதுகாப்புக் காரணத்தால் வெளியாள் நுழைய முடியாது. அன்பான வாழ்த்துகளுடன்.

முதலாவது காரணம் சரி. மேசன் என்ற முறையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர்கள் சொல்வது ஒரு இடத்திலாவது சரியாக இருக்கிறதே, அதுதான் இன்னும் கோபம்.


2 ஏப்ரல்

ஓனூர் புதிய வீட்டின் சமையலறையைத் தாளில் கீறிக்கொண்டு வந்தான். சுவர் அங்கே ஒரு ரைல் அகலம் சின்னது. எந்த வரிசையை விடுவது, எதை அடுப்புக்கு மேலே வைப்பது என்று கேட்டான்.

நான் பென்சிலை வாங்கினேன். அளந்தேன். "இடப்பக்கம் ஒரு வரிசையை விடலாம். அதை நடையில தனியாப் போடுவம்," என்றேன். தாளிலே எழுதியும் கொடுத்தேன்.

நான் என்ன மனுசி?


3 ஏப்ரல்

வழி கண்டுபிடிப்பேன் என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.


26 ஏப்ரல்

இன்று.

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். நெர்மின் பெட்டிகளுக்குள் பழைய துவாய் விரித்து வைத்திருந்தாள், தொண்ணூற்றாறுக்கும். துவாய்களை இலக்கம் போட்டு மடித்திருந்தாள்.

முதலில் இடைவெளிச் சாந்தை வெட்டினேன். மேல் மூலை, வெறும் நீல இலை உள்ள ரைல். மெல்லிய தகட்டை விட்டேன். போகவில்லை. மின் அதிர்வெட்டியை விட்டேன். அலகு சூடாகி நீலமாயிற்று. சூட்டுக் காற்று அடித்தேன், இருபது நிமிடம். பிறகு உளியைச் சரித்து வைத்து மெதுவாய் ஒரு தட்டு. ரைல் மூன்றாக வெடித்தது. பசை சுவரிலேயே இருந்தது, முதுகுத்தோல் உரிந்த மாதிரி ரைலின் பாதிக் கனத்தோடு.

ஓனூர் துண்டுகளை எடுத்துத் துவாயில் வைத்தான். "முதலாவதுதானே. கை பழகோணும்," என்றான்.

இரண்டாவது நாலு துண்டு. மூன்றாவது தூள். நாலாவதைப் பக்கத்து ரைலைப் பலி கொடுத்து எடுக்கப் பார்த்தேன், இரண்டும் போயின. ஆறாவது கார்னேஷன். அந்தச் சிவப்பு. உளி வைத்த இடத்தில் இருந்து கோடு நேரே பூவுக்குள் ஓடினது.

எட்டாவதில் உளியை ஓங்கிக் குத்தத் தொடங்கிவிட்டேன். அழுகையில்லை, கோபம். என்னுடைய வேலையோடுதான் மல்லுக்கட்டினேன். விடுதில்லை. சனியன் விடுதில்லை. எவ்வளவு நல்லா ஒட்டியிருக்கிறன் பார், எவ்வளவு நல்லா…

ஒன்பதாவது உடைந்ததும் நெர்மின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும், கிஸம்."

துருக்கி மொழியில் என் மகளே என்று. மூன்று வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். இன்றைக்காவது கூப்பிடாமல் விட்டிருக்கலாம்.

"மிச்சம் நிக்கட்டும். முழுசா நிக்கட்டும். நான் பெயர்க்கச் சொல்ல மாட்டன்."

பலகையைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று காத்திருந்தேன். தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

ஓனூர் தும்புத்தடி எடுத்துக் கூட்டினான். தூளை வாரிப் பையில் போட்டான். குப்பைவாரியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினான். பிறகு கேட்டான்:

"உனக்கு எப்ப தெரியும்?"

"என்ன?"

"வராது எண்டு."

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று. வாய் வரைக்கும் வந்தது.

"நீ முதல் நாள் கேட்கேக்கை."

"ஜனவரி."

"ஓம்."

தலையை ஆட்டினான். குளிர்சாதனப் பெட்டியில் மாட்டியிருந்த புதிய வீட்டின் தாளை, என் கையெழுத்தோடு இருந்ததை, காந்தத்தில் இருந்து எடுத்து நாலாய் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தான். ஏழு மணி பஸ்ஸுக்கு வேலை இருக்கிறது என்றான். அப்போது மணி இரண்டு.


27 ஏப்ரல்

ஓனூர் என்னை ஏசவில்லை.


29 ஏப்ரல்

"வேலை முடிய வரவா?" என்று எழுதினேன். "பெட்டி கட்ட வேணும்," என்று பதில். பெட்டி கட்ட நான் வரக்கூடாதா?

நான் செய்த பிழை ஒட்டினது இல்லை. ஒட்டினதற்கு யாரும் என்னைத் தூக்கில் போட மாட்டார்கள். மூன்று மாதம் அவனை நம்ப விட்டேன். சங்கம் செய்ததும் அதேதானே? 2019 இலேயே இடிக்கத் தீர்மானித்துவிட்டு ஆறு வருடம் வாடகை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அவர்களை ஏசுகிற வாயால் என்னை என்ன சொல்லி ஏசுவது?


31 மே

போய்விட்டார்கள்.

நான் வர வேண்டாம் என்று ஓனூர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வாகன நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். போனால் அங்கே அப்பா! நெர்மினின் குளிர்சாதனப் பெட்டியை முதுகில் பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வருகிறார். அறுபத்தொரு வயது. முகம் எல்லாம் வேர்வை.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"லிப்ற் ஓடுதில்லை. நேற்றே பூட்டிப்போட்டாங்கள் அறுவாங்கள், சனம் இன்னும் உள்ளுக்கை இருக்கு." பெட்டியை லொறியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "பிள்ளை, நான் சொன்னதெல்லாம் கணக்கில எடாதை. எங்களையும் ஊரில ஒருநாள் இப்பிடித்தான் லொறியில ஏத்தினவங்கள்."

கடைசியாகப் படுக்கைகளை ஏற்றினார்கள். நெர்மின் என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். அழுதாள், நான் அழவில்லை. பெட்டிகளோடு நிறைய மடித்த துவாய்கள் போயின, ஒன்றையும் சுற்றாமல்.

ஓனூர் லொறிக்கதவைப் பூட்டிவிட்டு வந்தான். கையைப் பிடித்தான். சாவி ஒப்படைக்கிற ஆளின் கையைப் பிடிப்பது மாதிரி.

"கவனமா இரு," என்றான்.

"ஓனூர்—"

"வேண்டாம், சாரங்கி. எனக்குக் கோபம் இல்லை."

கோபம் இல்லையாம். அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

லொறி போன பிறகு அப்பா பக்கத்தில் வந்து நின்றார். தன் கைலேஞ்சியைத் தந்தார். வேர்வை நாறினது. துடைத்துக்கொண்டேன்.


18 ஓகஸ்ட்

இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலைக்குப் போகப் பஞ்சிப்பட்டு லீவு போட்டுவிட்டேன். வேலி ஓரம் நின்றேன்.

நீண்ட கை இயந்திரம் வெளிச்சுவரைத் தோல் உரிப்பது மாதிரி உரிக்கும். வீடுகள் பக்கவாட்டில் திறந்துகொள்ளும்: ஒருவருடைய பச்சைச் சுவர், ஒருவருடைய கழிவறை, தொங்குகிற மின்குமிழ். பதினொரு மணிக்கு மூன்றாம் மாடி திறந்தது.

நல்ல வெயில். எண்பத்தேழு ரைலும் ஒன்றாய் வெயிலைப் பிடித்தன. மேல் மூலையில் ஒன்பது பல் விழுந்த இடம், மிச்சம் முழுசு. வேலி ஓரம் நின்ற சனம் எல்லாம் 'ஆ' என்றது. கைபேசிகள் உயர்ந்தன. இயந்திரக்காரன்கூட நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து ஒரு படம் எடுத்தான். சமையலறைக்குள் நாலு பேர் பார்த்த பூக்களை இன்று பட்டணம் முழுவதும் பார்த்தது. நீலம் அவ்வளவு தூரத்துக்கு அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. சூளையில் இருந்து எடுத்த முதல் நாள்கூட அப்படி இருக்கவில்லை.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினான். கூரை போயிற்று, தரை போயிற்று, சுவர் தனியாய் நின்றது. அதைப் பின்னால் இருந்து தள்ளினான். ஒரு ரைல் கழன்று விழவில்லை. சுவர் முழுசாகச் சரிந்து, விழுந்த பிறகுதான் தூள்.

பக்கத்தில் நின்ற கிழவி கண்ணைத் துடைத்தாள். "இவ்வளவு வடிவான சாமானை ஏன் ஒருத்தரும் கழட்டி எடுக்கயில்லை?" என்று என்னிடம் கேட்டாள்.


19 ஓகஸ்ட்

உள்ளூர்ப் பேப்பரில் முதல் பக்கப் படம். "இடிபாடுகளிடையே கிழக்கத்திய வண்ணங்கள்." கீறினவன் பேர் இல்லை. இணையத்தில் அதன் கீழே நானூறு பேர்: எவ்வளவு அழகு, எவ்வளவு வெட்கக்கேடு, நம் பட்டணத்தின் செல்வம் அல்லவா. நம் பட்டணம்! ஆட்கள் உள்ளே இருந்தபோது ஒருத்தராவது மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து ஒரு தேத்தண்ணி குடித்தீர்களா?

கீழே எழுதினேன்: இதைக் கீறியது ஓனூர். 14ஆம் இலக்க பஸ்ஸை ஓட்டினவர். உங்களில் பாதிப்பேரை அவர் வேலைக்கு ஏற்றிப் போயிருக்கிறார். இப்போது இந்தப் பட்டணத்தில் இல்லை.

முப்பத்தெட்டுப் பேர் இதயம் போட்டார்கள்.


20 ஓகஸ்ட்

படத்தை அவனுக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறான்.


7 ஒக்டோபர்

ஓல்போர்க். புதிய பகுதியில் கழிவறைகள், முப்பத்திரண்டு. வெள்ளை ரைல், சாம்பல் இடைவெளி. பேனாட் அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நேரத்துக்கு முடித்துவிடுவோம். எந்தப் பசை என்று வேலைத்தாளில் எழுதியிருக்கிறதோ அதைப் போடுகிறேன்.

பத்து மணி இடைவேளையில் பேனாட் அண்ணை சொன்னார், தன் மகள் ஹ்விடோவ்ரேயில் ஓனூரைப் பார்த்தாளாம். அங்கேயும் பஸ்தான். ஓட்டிக்கொண்டிருந்தானாம். நல்லாத்தான் இருக்கிறான் என்றாளாம்.

"கீறுறானாமா?" என்றேன்.

"அதக் கேக்கல்ல மகள். பஸ்ஸுக்குள்ள நிண்டு எப்பிடிக் கேக்கிற?"

படிக்கட்டுக்குப் போய் அழைத்தேன். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. எடுக்க மாட்டான் என்று நினைத்துத்தான் அழைத்தேன். எடுத்தான். பேர் சொல்லவில்லை, ஹலோ இல்லை. பஸ் கடைசித் தரிப்பில் நின்றிருக்க வேண்டும். கதவு திறந்து மூடுகிற காற்றுச் சத்தம் கேட்டது, பிறகு அவன் மூச்சு மட்டும்.

நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. டெனிஷும் வரவில்லை. தமிழில் சொன்னேன், பிறகு டெனிஷில் திருப்பிச் சொன்னேன்:

"மன்னிக்க வேண்டாம். கோபமில்லை எண்டு சொல்லாதை. ஒருக்கா என்னை ஏசு, ஓனூர். வாயைத் திறந்து ஏசு."